இலங்கையை நடந்து பார்க்க இரண்டு வாரம்: கரையோரமா, மலைப்பாதையா, துண்டு துண்டாகவா?

வடக்கிலிருந்து தெற்குக்கு ஏறத்தாழ 435 கிலோமீற்றர், அகலத்தில் அதில் பாதியளவு, இலங்கை இவ்வளவுதான். காலையில் யாழ்ப்பாணத்தில் பேருந்து ஏறுகிறவர் இரவுக்குள் நுவரெலியாவில் கம்பளிச் சட்டையைத் தேடிக்கொண்டிருப்பார். நடந்து பார்க்க நினைப்பவரை முதலில் ஏமாற்றுவது இந்தச் சின்ன அளவுதான். எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று எண்ணி, பனங்கூடல் ஒரு நாள், தேயிலை ஒரு நாள், மழைக்காடு ஒரு நாள் என்று அட்டவணை போடுகிறார்கள். பதினான்கு நாள் விடுமுறையில் ஐந்தாறு நாள் பேருந்து இருக்கையிலேயே கழிந்துவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களும் கொழும்பில் இருக்கும் நண்பர்களும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: இரண்டு வாரம் லீவு இருக்கிறது, காலில் பலமும் இருக்கிறது, எங்கே நடக்கலாம்?

மூன்று பதில்கள் சொல்லலாம். கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமத்துக்குப் போகும் பாதயாத்திரையில் சேர்வது ஒன்று. மலையகத்தைச் சுற்றிவரும் பீக்கோ பாதையில் ஒரு பகுதியை நடப்பது மற்றொன்று. அங்கங்கே தங்கி, தீவின் வெவ்வேறு மூலைகளில் ஒருநாள் நடைகளாகப் பிரித்துக்கொள்வது மூன்றாவது. மூன்றையும் வெவ்வேறு ஆண்டுகளில், எதையும் முழுமையாக இல்லாவிட்டாலும், நடந்து பார்த்தவன் என்ற உரிமையில் ஒப்பிட்டு எழுதுகிறேன்.

எதை வைத்து ஒப்பிடுவது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இலங்கையின் நிலம் மூன்று படிகளாக எழுகிறது. கரையைச் சுற்றிய தாழ்நிலம் சுமார் 300 மீற்றருக்குள் அடங்கும். அதற்கு மேல் நடுப்படி. அதற்கும் மேல் 1,500 மீற்றரைத் தாண்டிய மேட்டுநிலம், பிதுருதலாகலை உச்சியில் 2,524 மீற்றர் வரை. இந்தப் படிகளின் குறுக்கே மழை தன் கோட்டைத் தனியாகப் போடுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் நீரையெல்லாம் கொட்டிவிட்டு, கிழக்குப் பக்கம் வெறுங்காற்றாக இறங்குகிறது. மட்டக்களப்பில் வறண்டு வரும் அந்த மேல்காற்றைக் கச்சான் என்பார்கள். அதே பருவத்தில் யாழ்ப்பாணத்தில் சோழகம் வீசும். திசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று இந்தக் கணக்கைத் திருப்பிப் போடும். ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஈரவலயமும் 1,750க்குக் குறைவாகப் பெறும் உலர்வலயமும் சில நாள் நடைத் தூரத்துக்குள் அருகருகே இருப்பதுதான் இத்தீவின் விசேஷம். ஆகவே எத்தனை நிலக்காட்சிகளைப் பார்த்தோம் என்பதைவிட, ஒரு நிலம் இன்னொன்றாக மாறுவதைக் காலடியில் உணர முடிந்ததா என்பதையே நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். அப்படி மாறும் இடத்தைப் பேருந்து அரைமணி நேரத்தில் கடந்துவிடும். நடப்பவருக்குத்தான் அது இரண்டு நாள் நீடிக்கும்.

பாதயாத்திரையை முதலில் எடுத்துக்கொள்வோம். முழு யாத்திரை யாழ்ப்பாணத்தில் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து தொடங்கும். முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில், பொத்துவில், உகந்தை என்று கோயிலுக்குக் கோயில் நகர்ந்து, குமண, யால காடுகளைக் கடந்து கதிர்காமம் சேரும்போது யாத்திரிகர்கள் 500 கிலோமீற்றருக்கு மேல் நடந்திருப்பார்கள். ஒன்றரை மாதத்துக்குக் குறையாமல் பிடிக்கும். இரண்டு வாரம் மட்டும் உள்ளவர் மண்டூரிலோ திருக்கோவிலிலோ சேர்ந்துகொண்டால் கணக்குச் சரியாக வரும். புறப்படும் நாளை நம் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாது என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டும். கதிர்காமத்து ஆடி உற்சவத்தையொட்டித்தான் உகந்தையில் காட்டுப்பாதை திறக்கப்படும். திறக்கும் நாளும் மூடும் நாளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும், உரிய மாவட்டச் செயலகங்கள் கூடி முடிவு செய்து அறிவிக்கும்.

நிலக்காட்சி என்ற அளவில் இந்த வழி தரும் செல்வம் பலர் எதிர்பார்ப்பதைவிட அதிகம். வடக்கே ஆண்டு முழுதும் ஓடும் ஆறே இல்லாத சுண்ணாம்புக்கல் நிலம், கிணற்றை நம்பிய தோட்டங்கள், பனை. அதைத் தாண்டினால் வன்னிக் காடும் கொக்கிளாய் போன்ற களப்புகளும். வெருகலில் மகாவலியின் ஒரு கிளை கடலைச் சேர்கிறது. மட்டக்களப்பில் வாவிக்குக் கடற்பக்கம் எழுவான்கரை, அக்கரை படுவான்கரை. சூரியன் எழும் பக்கம், படும் பக்கம் என்று ஒரு நீர்நிலையை வைத்தே ஊரைப் பிரித்துப் பேசும் பழக்கம், அந்தக் கரைவழியே இரண்டு நாள் நடந்தவருக்குத்தான் இயல்பாகப் புரியும். அங்கிருந்து தெற்கே வயல்வெளி. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். பொத்துவில் தாண்டிப் பாணமைக்குப் பிறகு வீடுகள் தீர்ந்துபோய், பாறைக் குன்றுகளும் முட்காடும் மணலும் மட்டும் எஞ்சும்.

உகந்தையிலிருந்து கதிர்காமம் வரையுள்ள கடைசிப் பகுதிதான் இதன் உயிர். நம் நாட்டின் தேசியப் பூங்காக்களில் பெரும்பாலானவற்றில் வாகனத்தை விட்டு இறங்கவே விடமாட்டார்கள். தாராளமாக நடக்க அனுமதிக்கும் பூங்கா என்றால் எல்லாரும் சொல்வது ஹோட்டன் சமவெளியைத்தான். ஆனால் யாத்திரைக் காலத்தில், அந்தச் சில நாட்களுக்கு மட்டும், குமணவும் யாலவும் சாதாரண மனிதர் காலால் கடக்கக்கூடிய காடுகளாகிவிடுகின்றன. குமுக்கன் ஆற்றைக் கடந்து, நாவலடி, வியாழை என்று தங்கித் தங்கி, மாணிக்க கங்கை வரை ஐந்தாறு நாள். யானையும் கரடியும் சிறுத்தையும் உள்ள இடம் என்பதால் கூட்டமாகவே போவார்கள். எல்லாருக்கும் எல்லாரும் ‘சாமி’தான். அறுபது வயதுப் பெண் என்னைச் சாமி என்று கூப்பிட்டு அரிசி மூட்டையைக் கொஞ்ச தூரம் சுமக்கச் சொன்னபோது, மறுக்க வழியே இருக்கவில்லை.

அந்தக் காட்டில் நான் கற்றுக்கொண்ட ஒன்று தண்ணீர் எடுக்கும் முறை. வற்றிய ஆற்றுப்படுகையில் மணல் சற்றுக் கறுத்துத் தெரியும் இடமாகப் பார்த்து முழங்கை ஆழம் தோண்டினார்கள். முதலில் ஊறியது பால்தேநீர் நிறத்தில் இருந்தது. அதைச் சிரட்டையால் மொண்டு வெளியே ஊற்றினார்கள். மறுபடி ஊறியதையும் ஊற்றினார்கள். மூன்றாவது முறைக்குப் பிறகுதான் சால்வைத் துணியை இரண்டாக மடித்து வடித்துப் பாத்திரத்தில் நிரப்பினார்கள். இப்போது பல இடங்களில் பவுசர் எனும் தாங்கி வண்டிகளில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்பதால் நிலைமை முன்போல் கடினமில்லை. ஆனாலும் பவுசர் வராத நாளுக்கும் சேர்த்துத்தான் ஆயத்தமாக வேண்டும்.

இதன் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நிலமட்டம் கடைசிவரை ஏறுவதே இல்லை. முதற்படியை விட்டு ஓர் அடி மேலே போகாத பயணம் இது. மலையைப் பார்க்க விரும்புகிறவருக்கு இதில் ஒன்றுமில்லை. பொத்துவில் வரைக்கும் நடையில் பெரும்பகுதி தார்வீதி ஓரம். ஆனி மாதத்து வெயிலில் தார் கொப்பளித்து நிற்கும். அன்னதானம் கிடைக்கும், கோயில் மண்டபத்தில் படுக்க இடம் கிடைக்கும், பணச் செலவு மிகக் குறைவு. ஆனால் தனிமை கிடைக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக இது வழிபாடு. நம்பிக்கை இல்லாதவரை யாரும் விரட்டப் போவதில்லை. எனினும் மச்சமாமிசம், மது தவிர்த்து, யாத்திரையின் முன்னே ஏந்திச் செல்லும் வேல் போகும் வேகத்தில் போய், அது நிற்கும் இடத்தில் நிற்க மனமில்லாதவர் இதை மலிவான சுற்றுலாவாக எண்ணிச் சேரக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை.

பீக்கோ பாதை இதற்கு நேரெதிர். கண்டிக்குப் பக்கத்து ஹந்தானை மலையில் தொடங்கி, பூண்டுலோயாப் பக்கமும் ஹட்டன் பக்கமும் வளைந்து, பொகவந்தலாவை, டயகம, ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடியும் இது, 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதை. ஒரு கட்டம் சராசரியாக 13, 14 கிலோமீற்றர் வரும். பாதை என்று புதிதாக எதையும் வெட்டவில்லை. தோட்டங்களுக்கு இடையே ஏற்கெனவே இருந்த வண்டிப் பாதைகளையும் குறுக்குகளையும் தொடுத்து அடையாளம் வைத்திருக்கிறார்கள். மலையகத்தில் குறுக்கு என்றால் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து தேயிலை மலைக்கும், மலையிலிருந்து ஸ்டோர் எனப்படும் தொழிற்சாலைக்கும், பிள்ளைகள் பள்ளிக்கும் போகத் தேய்த்தெடுத்த ஒற்றையடிப் பாதை. நாம் பொழுதுபோக்காக நடக்கும் பாதையில் கொழுந்துக் கூடையோடு ஒருவர் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். அவருக்கு ஒதுங்கி வழிவிடுவதும், கேட்காமல் படமெடுக்காமல் இருப்பதும் நடப்பவரின் பொறுப்பு.

தேயிலை என்றால் எல்லாம் ஒரே பச்சைதானே, அதில் என்ன வகை என்று கேட்பவர்கள் உண்டு. ஐந்து நாள் தொடர்ந்து நடக்காதவர் அப்படித்தான் கேட்பார். தொடக்கக் கட்டங்களில் வரும் லூல்கந்துர தோட்டத்தில்தான் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். இரண்டே ஆண்டில், 1869இல், கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் தோன்றி, பிறகு அந்தப் பயிரையே அழித்தது. மலையின் இன்றைய தோற்றம் அந்த நோயின் விளைவு. கண்டிப் பக்கம் மிளகும் கராம்பும் கலந்த வீட்டுத் தோட்டங்களும் பலா மரங்களும் இடையிடையே வரும் நடுத்தர உயரம். பொகவந்தலாவையை எட்டும்போது இருபுறமும் மலைச்சுவர் எழுந்து, பள்ளத்தாக்கு முழுவதும் தேயிலையாகி, எந்நேரமும் ஈரமாக இருக்கிறது. அங்கே அட்டைக்குத் தப்பியவர் கிடையாது. காலுறையில் சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டு நடக்கும்படி ஒரு கங்காணியின் மனைவி சொல்லிக் கொடுத்தார்; அது ஓரளவு உதவியது, மழை வந்து நுரை கட்டும் வரைக்கும்.

டயகமவிலிருந்து ஹோட்டன் சமவெளிப் பக்கத்து மலைகளைத் தாண்டி ஹப்புத்தளைக்குப் போகும் நாட்களுக்காகவே இந்தப் பாதையை நான் மற்ற இரண்டுக்கும் மேலாக வைக்கிறேன். தேயிலை ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்கு மேலே வளைந்து குட்டையாய் வளர்ந்த, பாசி தொங்கும் மரங்களின் முகிற்காடு. முதல் நாள் மழைச் சட்டைக்குள் வியர்த்து நடந்தவர், ஹப்புத்தளை முகட்டை நெருங்கும்போது காதில் காற்று அறைவதை உணர்வார். தெற்கேயிருந்து எழும் முகில் அந்த மலை இடைவெளி வழியாகத் தண்ணீர் வழிவதுபோல் வழிந்து, இந்தப் பக்கம் இறங்கி இரண்டு வளைவுக்குள் கரைந்துபோகும். ஒரு பிற்பகல் முழுவதும் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து கிழக்கே நிலத்தின் நிறமே வேறு. பத்தனை எனப்படும் உலர்ந்த புல்வெளிகள், யூக்கலிப்டஸ் தோப்புகள், படிக்கட்டு மரக்கறித் தோட்டங்கள். தேயிலைகூடச் சற்று வெளிறிய பச்சை. ஈர நாடும் உலர் நாடும் சந்திக்கும் எல்லையை வரைபடத்தில் கோடாகப் பார்த்திருந்த எனக்கு, அது கோடல்ல, காற்றும் மணமும் புல்லுமாகச் சில மணி நேரம் நீளும் ஒரு நடை என்பது அன்றுதான் தெரிந்தது.

குறைகள் இதற்கும் உண்டு. கட்டம் முடியும் ஊர்களில் எல்லாம் தங்குமிடம் இருக்கும் என்று எண்ணக்கூடாது. சில இடங்களில் முடிந்த இடத்திலிருந்து ஆட்டோ பிடித்துப் பக்கத்து ஊருக்குப் போய்ப் படுத்து, காலையில் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு விடுதிக்காரர் ஆளனுப்புவதாகச் சொல்லிவிட்டு அனுப்பாததால், இருட்டில் லயத்து முன்வாசலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிளேன்டீயும் ரொட்டியும் தந்து, பிறகு ஆட்டோவுக்கும் வழிசெய்தவர்கள் அந்த லயத்துக்காரர்கள்தான். மண்சரிவு இன்னொரு கவலை. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தது இந்த மலைத்தொடரின் தென்சரிவில்தான். அடைமழை எச்சரிக்கை உள்ள நாளில் நடையை நிறுத்திவிட வேண்டும். பெருமழைக்குப் பின் எந்தக் கட்டம் திறந்திருக்கிறது என்று உள்ளூரில் கேட்டுக்கொண்டுதான் புறப்பட வேண்டும். பழைய குறிப்புகளை நம்பிப் போகக்கூடாது. செலவு பாதயாத்திரையைவிடப் பல மடங்கு அதிகம்.

மூன்றாவது வழியைப் பற்றி எனக்குச் சற்று ஒருதலைப்பட்சமான எண்ணம் உண்டு. அதை ஒப்புக்கொண்டே தொடர்கிறேன். இதில் நெடுந்தீவு ஒரு நாள், சிவனொளிபாதமலை ஓர் இரவு, ஹோட்டன் சமவெளி ஒரு காலை, சிங்கராஜ வனம் ஒரு நாள், நக்கிள்ஸ் மலைப்பக்கம் இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் தனித்தனியே அற்புதம்தான். குறிகட்டுவானில் படகேறி ஒரு மணி நேரத்தில் இறங்கும் நெடுந்தீவில், பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகளுக்கு நடுவே, நிழலே இல்லாத வெளியில், யாருக்கும் சொந்தமில்லாத குதிரைகள் மேய்வதைப் பார்த்துக்கொண்டு தெற்குக் கரை வரை நடந்து திரும்பலாம். ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு எனப்படும் மலை விளிம்பையும் பேக்கர் அருவியையும் தொட்டுவரும் சுற்று சுமார் ஒன்பதரை கிலோமீற்றர். வாசலில் பையைத் திறந்து பார்த்து, தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியுள்ள பொலித்தீன் பட்டையைக் கிழித்தெடுத்துவிட்டு, பிஸ்கட்டைக் கடதாசிப் பையில் மாற்றித் தருவார்கள். காலை ஒன்பது, பத்து மணிக்குள் உலக முடிவில் நிற்காவிட்டால் முகில் மூடி வெள்ளைத் திரையைத்தான் பார்க்க வேண்டிவரும். அந்தத் திரைக்குப் பின்னால் 800 மீற்றருக்கு மேல் நேர்ச்சரிவு. மேட்டுநிலப் படி சட்டென்று முடிந்து கீழ்ப்படி தெரியும் விளிம்பு அதுவே என்பதால், துண்டு நடைகளில் நான் முதலில் பரிந்துரைப்பதும் அதையே.

சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். திசெம்பர் போயா (பௌர்ணமி) முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரையுள்ள பருவத்தில் நல்லதண்ணிப் பக்கத்துப் படிகள் இரவு முழுவதும் விளக்கும் தேநீர்க்கடையும் கூட்டமுமாக இருக்கும். பருவம் தவறினால் இருட்டும் மழையும் மூடிய கடைகளும்தான். இரத்தினபுரிப் பக்கத்து வழி நீளமானது, செங்குத்தானது, ஆனால் தாழ்நிலக் காட்டிலிருந்து உச்சிவரை மரங்கள் மாறுவதை அதில்தான் பார்க்கலாம். 1344இல் புத்தளத்தில் கரையிறங்கிய மொரோக்கோப் பயணி இப்னு பதூதா, மலையுச்சியிலுள்ள பாதச்சுவட்டைத் தரிசிக்க வேண்டும் என்று யாழ்ப்பாண மன்னர் ஆரியச் சக்கரவர்த்தியிடம் கேட்டபோது, அவர் பல்லக்கும் வழித்துணைக்கு ஆட்களும் கொடுத்து அனுப்பினார் என்று அந்தப் பயணி எழுதிவைத்திருக்கிறார். ஆகவே அவரும் முழுத் தூரத்தையும் நடந்தார் என்று சொல்ல முடியாது. மலையில் தொங்கும் சங்கிலிகளைப் பற்றிய அவருடைய வர்ணனை மட்டும் ஏறியவர் எழுத்தாகவே இருக்கிறது.

இத்தனை இருந்தும் இந்த வழியில் எனக்குள்ள மனக்குறை, இடைப்பட்ட நிலம் விடுபட்டுப் போவதுதான். நெடுந்தீவிலிருந்து ஹோட்டன் சமவெளிக்கு வந்தவருக்கு இரண்டு படங்கள் கிடைக்கின்றன. ஒன்று மற்றொன்றாக எப்படி ஆயிற்று என்பது கிடைப்பதில்லை. மறுபுறம், என் தாயாரோடும் அக்காவின் பிள்ளைகளோடும் போனபோது நான் தேர்ந்ததும் இதையேதான். முழங்கால் வலி உள்ளவருக்கும், பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு வருபவருக்கும், ஒருநாள் நடந்தால் மறுநாள் ஓய்வு வேண்டும் என்பவருக்கும் மற்ற இரண்டும் பொருந்தாது. கண்டியிலிருந்து பதுளை நோக்கிப் போகும் புகையிரதத்தை முதுகெலும்பாக வைத்து, ஹட்டன், ஓஹிய, ஹப்புத்தளை என்று மூன்று இடங்களில் மட்டும் தங்கினால் இந்தக் குறை பாதியாவது தீரும். ஓஹிய நிலையத்திலிருந்து சமவெளிக்கு வாகனம் பிடிக்காமல் வீதிவழியே நடந்தே ஏறுவது சுமார் 11 கிலோமீற்றர். அதை ஏறியவருக்கு மேலே உள்ள ஒன்பதரை கிலோமீற்றர் வேறு மாதிரித் தெரியும்.

நான்காவதாக ஒன்றைச் சிலர் கேட்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். கணக்கில்லாதோர் வழியிலேயே காய்ச்சலிலும் பசியிலும் மடிந்தார்கள். மலையக மக்களின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம் ஓகஸ்டில் மாத்தளையில் முடிந்தது. உலர்வலயத்திலிருந்து மலையடிவாரம் வரை போவதால் நில மாற்றமும் இதில் உண்டு. ஆனால் இன்று இது அடையாளமிட்ட நடைபாதை அல்ல, பெரும்பாலும் நெடுஞ்சாலை. வரலாற்றுக்காக நடக்கலாம், காட்சிக்காகத் தனியே நடக்கப் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி மாதத்துக்கு வருவோம். நடைமுறையில் பாதி முடிவை மாதமே எடுத்துவிடுகிறது. ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை லீவு கிடைப்பவர் மலைக்குப் போகலாம். மேற்குச் சரிவு அப்போதுதான் காய்ந்திருக்கும், சிவனொளிபாத பருவமும் அதுவே. ஜனவரியில் கிழக்கு மலைச்சரிவில் வடகீழ் மழையின் மிச்சம் இருக்கும் என்பதால், ஹப்புத்தளை, எல்ல கட்டங்களைப் பெப்ரவரிக்குப் பின் வைத்துக்கொள்வது நல்லது. ஜூன், ஜூலையில் மட்டும் வரமுடிந்தவர் ஹட்டன் பக்கம் போய் மழையோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் கிழக்கு மலைச்சரிவான ஊவா பக்கம் உலர்ந்திருக்கும். பீக்கோ பாதையின் கிழக்குப் பாதியை நடக்கலாம், அல்லது யாத்திரைக்குப் போகலாம். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இடியும் மழையும் பிற்பகல்தோறும் வரும். அப்போது நான் எதையும் பரிந்துரைப்பதில்லை. நெடுந்தீவுக்குப் படகு ஓடுவதும் அப்போது காற்றின் தயவில்தான்.

தூக்கிச் செல்லும் சுமையும் தெரிவைப் பொறுத்து மாறும். யாத்திரைக்குப் பாய், ஒரு பாத்திரம், இரண்டு வேட்டி அல்லது சேலை, தொப்பியாகவும் துவாயாகவும் உதவும் ஒரு துண்டு, அவ்வளவே. பலர் வெறுங்காலோடு நடப்பார்கள், நான் செருப்போடு நடந்தேன், யாரும் குறைசொல்லவில்லை. மலைக்கு நல்ல பிடிப்புள்ள சப்பாத்தும் மழைச் சட்டையும் கம்பளியும் தவிர்க்க முடியாதவை. மேட்டுநிலத்தில் பெப்ரவரி விடியற்காலையில் புல்லில் உறைபனியும் படிவதுண்டு.

முதன்முறை நடக்கும், உடல் வலுவுள்ள, மாதத்தைத் தாமே தெரிவுசெய்யக்கூடிய ஒருவர் என்னைக் கேட்டால், பெப்ரவரி கடைசியில் பொகவந்தலாவையில் தொடங்கி எல்ல வரை பீக்கோ பாதையை நடக்கும்படி சொல்வேன். 22 கட்டங்களையும் முடிக்க வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். ஏழெட்டுக் கட்டங்களும், இடையில் ஹப்புத்தளையில் சும்மா இருக்க இரண்டு நாளும் போதும். கதிர்காம யாத்திரையை ஒருமுறையாவது போக வேண்டும் என்று ஏற்கெனவே மனத்தில் வைத்திருப்பவருக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. அவர் திறக்கும் திகதியைக் கேட்டு வைத்துக்கொண்டு திருக்கோவிலுக்குப் போகட்டும். குடும்பத்தோடு வருபவர் புகையிரதத்தை நம்பட்டும். ஆனால் நெடுந்தீவையும் சிங்கராஜ வனத்தையும் ஒரே பயணத்தில் திணிக்காமல், வடக்கு அல்லது மலை என்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும்.

ஹப்புத்தளையிலிருந்து தம்பேதென்ன தோட்டம் வழியாக லிப்டன் முகட்டுக்கு ஏறும் வீதியில், விடியற்காலை ஆறு மணிக்கு முன் மேலே போய்விட்டால் முகில் இன்னும் எழுந்திருக்காது. தெற்கும் கிழக்கும் முழுத் தாழ்நிலமும் விரிந்து கிடக்கும். நல்ல தெளிவான நாளில் தென்கரை வரைக்கும் தெரியும். அந்த மங்கிய சமவெளியின் கிழக்கு ஓரத்தில் எங்கோதான் யாத்திரிகர்கள் மணலைத் தோண்டும் ஆறுகள் இருக்கின்றன. கொழுந்துப் பிரட்டுக்கு, அதாவது காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போகிறவர்கள் அந்நேரம்தான் வீதியில் ஏறத் தொடங்குவார்கள். அவர்களோடு இறங்கி வந்தால், பாதி வழியில் பீலியில் (மலை ஊற்றுக் குழாயில்) வரும் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு அன்றைய கட்டத்தைத் தொடங்கலாம்.